குழுப் பற்று கூடினால் 'ரத்தத்திலேயே இருக்கிறது' என்ற நம்பிக்கையும் கூடுமா? கேள்வித்தாள் வடிவமைப்பில் சந்தேகங்கள்

இளவேனில்:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு குழுவைச் சேர்ந்தவர்கள் அத்தனை பேருக்குள்ளும் மாறாத, பொதுவான ஏதோ ஒன்று இருக்கிறது என்று மனிதர்கள் நம்புவதை, அதாவது சாரவாதத்தை, அளக்க ஒரு கேள்வித்தாள் தயாராகிக்கொண்டிருக்கிறது. கருதுகோள் இதுதான்: ஒருவர் தன் குழுவோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறாரோ அவ்வளவுக்கு, தன் குழுவுக்கும் எதிர்க்குழுவுக்கும் அப்படியொரு சாரம் இருப்பதாக நம்புவார்.

ஆனால் இதுவரை வந்த ஆய்வுகளைப் படித்தால் குழப்பமே மிஞ்சுகிறது. சிலவற்றில் பற்றும் சாரவாதமும் சேர்ந்தே ஏறுகின்றன, சிலவற்றில் தொடர்பே இல்லை, சிலவற்றில் தலைகீழாக இருக்கிறது. என் சந்தேகங்கள் மூன்று. இந்த முரண்பாட்டுக்குக் காரணம் என்ன? தமிழில் கேள்விகளை எப்படி எழுதினால் சரியாக அளக்கும்? எத்தனை பேரிடம் கேட்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

நிறைகோல்:

முரண்பாடு ஆய்வுகளில் இல்லை, உங்கள் கருதுகோளில் இருக்கிறது. சாரவாதத்தை ஒரே பொருளாக எடுத்துக்கொள்கிறீர்கள். அது ஒன்றல்ல.

2000-இல் ஹாஸ்லம், ராத்ஸ்சைல்ட், எர்ன்ஸ்ட் மூவரும் 40 சமூகப் பிரிவுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் சாரவாதத்தின் 9 கூறுகளில் மதிப்பிடச் செய்தார்கள். அந்த 9-ம் இரண்டு கட்டாகப் பிரிந்தன. ஒன்று, 'இது இயற்கையே வகுத்த பிரிவு, பிறப்போடு வருவது, மாறாது' என்ற எண்ணம். இதை இயற்கை வகை என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று, 'இவர்கள் எல்லோரும் ஒரே அச்சு, ஒருவரைத் தெரிந்தால் எல்லோரையும் தெரிந்த மாதிரி' என்ற எண்ணம். இதை ஒருமைத் தோற்றம் எனலாம். இந்த இரண்டும் ஒன்றையொன்று சாராமல் நிற்பவை. கட்டுக்கோப்பான ஓர் அரசியல் கட்சி ஒரே உடம்பு போலத் தெரியும், ஆனால் அது ரத்தத்தில் வருகிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆண், பெண் என்ற பிரிவில் பிறப்போடு வருவது என்ற நம்பிக்கை பலமாக இருக்கும், ஆனால் உலகத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே கூட்டமாகச் செயல்படுவதாக யாருக்கும் தோன்றாது.

குழுப் பற்று இந்த இரண்டையும் வேறு வேறு விதமாக அசைக்கிறது. 'நாங்கள் ஒன்று' என்ற உணர்வைப் பற்று நேரடியாகவே தூக்கிவிடும். குழுவுக்கு ஏதாவது அச்சுறுத்தல் இருந்தால் இன்னும் வேகமாகத் தூக்கும். 'பிறவிக் குணம்' என்ற பகுதி அப்படி ஏறுவதில்லை. அந்த நம்பிக்கையால் தன் குழுவுக்கு ஆதாயமா நட்டமா என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும்.

ஆதாயம் என்று சொல்லக் காரணம் உண்டு. மோர்டன், ஹார்ன்சி, போஸ்ட்மெஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், முன்முடிவு மிகுந்தவர்கள் எப்போதுமே சாரவாதிகளாக இருக்கவில்லை. அடுத்த குழுவை வெளியே நிறுத்த உதவும்போது அதைப் பிடித்துக்கொண்டார்கள், அதே வாதம் தங்களையே வெளியே தள்ளும் நிலை வந்தபோது விட்டுவிட்டார்கள். சாதி பற்றி ராமசாமி மகாலிங்கம் செய்த ஆய்வுகளிலும் இதே கோடு தெரிகிறது. ஏணியின் மேல்படியில் இருப்பவர்கள் சாதியைப் பிறப்போடு ஒட்டியதாகப் பார்த்தார்கள், தலித் பங்கேற்பாளர்கள் அதைச் சமூகம் சுமத்தியதாகப் பார்த்தார்கள். மேலே இருப்பவருக்கு 'பிறவியிலேயே இப்படி' என்ற விளக்கம் இருக்கையைக் காப்பாற்றுகிறது, கீழே தள்ளப்பட்டவருக்கு அதே விளக்கம் கதவைச் சாத்துகிறது.

அதற்காக 'சிறுபான்மை எப்போதும் சாரவாதத்தை மறுக்கும்' என்று இன்னொரு நேர்க்கோட்டை வரைந்துவிடாதீர்கள். நெதர்லாந்தில் மைக்கெல் வெர்குய்டன் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், சிறுபான்மையினர் தங்கள் பண்பாட்டு உரிமையைக் கேட்கும்போது 'இது எங்களுக்குள் ஊறியது, விடச் சொல்லாதீர்கள்' என்று சாரத்தை முன்வைத்தார்கள். பிறர் தங்களைப் பற்றிப் பொதுப்படையாகப் பேசுவதைக் கண்டிக்கும்போது 'நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை' என்றார்கள். பெரும்பான்மையினரும் இரண்டு பேச்சையும் தங்களுக்குத் தோதான இடத்தில் பயன்படுத்தினார்கள். இரண்டு பேச்சும் ஒரே வாயில்தான் வருகின்றன.

ஆகவே மொத்த மதிப்பெண் போடவே போடாதீர்கள். ஹாஸ்லமும் லெவியும் 2006-இல் ஓரினச்சேர்க்கையாளர்கள் பற்றிய நம்பிக்கைகளை ஆராய்ந்தபோது, 'அது மாற்ற முடியாதது' என்ற நம்பிக்கை குறைந்த வெறுப்போடும், 'அவர்கள் முற்றிலும் தனி வகை' என்ற நம்பிக்கை கூடிய வெறுப்போடும் சேர்ந்து வந்தது. இரண்டையும் கூட்டினால் பிளஸும் மைனஸும் அடிபட்டுப் பூஜ்யம் வரும். 'தொடர்பே இல்லை' என்று நீங்கள் படித்த ஆய்வுகளில் சிலவற்றுக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

தும்பைப்பூ:

நிறைகோல் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். கேள்வி எழுதும் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். அதிகம் கெடுவது அங்கேதான்.

முதலில் 'நாம்', 'நாங்கள்'. ஆங்கிலத்தில் எழுதிய அளவுகோலை மொழிபெயர்க்கும்போது இதை யோசிக்காமல் ஏதோ ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள். 'நம் எல்லோருக்குள்ளும் ஒரே குணம் ஓடுகிறது' என்று கேட்டால், கேள்வி கேட்பவரும் அதே குழு என்று ஆகிவிடுகிறது. வீட்டுக்குள் பேசுகிற பேச்சு அது. 'எங்கள் எல்லோருக்குள்ளும்' என்றால் எதிரே ஒரு வெளியாள் நிற்கிறார், அவரிடம் குழுவை முன்னிறுத்திப் பேச வேண்டியிருக்கிறது. யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தே சாரவாதம் மாறும் என்று மேலே பார்த்தோம். அப்படியானால் ஒரு பிரதிப்பெயரே முடிவை மாற்றிவிடலாம். இரண்டையும் தவிர்த்து, குழுவின் பெயரைப் போட்டு 'இன்ன குழுவினர்' என்று படர்க்கையில் எழுதுங்கள். தன் குழு, பிற குழு இரண்டுக்கும் ஒரே வாக்கியம் பொருந்தும், ஒப்பிடவும் முடியும்.

அடுத்தது 'குணம்', 'இயல்பு', 'பண்பு'. நம் காதுக்கு இவை ஒன்றல்ல. 'பண்பு' என்றாலே நல்லது என்ற வாடை வந்துவிடும், 'அவர் பண்பானவர்' என்கிறோமே. 'இயல்பு' என்றால் பிறவியோடு வந்தது என்ற பொருள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு 'இந்த இயல்பு பிறவியில் வருவதா?' என்று கேட்பது விடையைக் கேள்விக்குள்ளேயே வைப்பதாகும். 'குணம்' ஓரளவு நடுநிலை. அதையே எல்லா இடத்திலும் பயன்படுத்துங்கள்.

எதிர்மறை வாக்கியங்கள் இன்னொரு பள்ளம். கண்ணை மூடிக்கொண்டு 'ஆம்' போடுபவர்களைப் பிடிக்கப் பாதிக் கேள்விகளைத் திருப்பி எழுதுவார்கள். 'இன்ன குழுவினரின் குணத்தை மாற்ற முடியாது என்று சொல்வது சரியல்ல' என்று எழுதினால், 'உடன்படவில்லை' என்ற விடையோடு சேர்ந்து மூன்று மறுப்பு. யாருக்கும் புரியாது. மறுப்பே இல்லாமல் எதிர்ப்பொருள் வரும்படி எழுதுங்கள்: 'இன்ன குழுவில் பிறந்த ஒருவர், வளரும் சூழலைப் பொறுத்து எப்படிப்பட்டவராகவும் ஆகலாம்.' இது நேராகவே புரியும்.

'மரபணு' என்ற சொல்லை மட்டும் நம்பி இருக்காதீர்கள். மெடினும் ஆர்ட்டனியும் 1989-இல் சொன்னது இன்றும் பொருந்துகிறது: சாரம் இருக்கிறது என்று நம்புபவருக்கு அது என்ன என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. உள்ளே ஓர் இடத்தைக் காலியாக வைத்திருப்பார். அதில் ரத்தத்தை வைப்பவர் உண்டு, மண், மதம், மூதாதையர், வரலாறு என்று வைப்பவர்களும் உண்டு. மரபணுவைப் பற்றி மட்டும் கேட்டால் 'ரத்தம்' என்பவர் அகப்படுவார், 'ஆயிரம் ஆண்டுப் பண்பாடு எங்களுக்குள் ஓடுகிறது' என்பவர் தப்பிவிடுவார். சானியும் உடன் ஆய்வாளர்களும் 2007-இல் குழுத் தொடர்ச்சி என்ற உணர்வைப் பண்பாட்டுத் தொடர்ச்சி, வரலாற்றுத் தொடர்ச்சி என்று இரண்டாகப் பிரித்து அளந்தார்கள். அந்த வகையில் மூன்று நான்கு கேள்விகளையாவது சேருங்கள்.

நம் பழமொழிகளிலேயே இந்த வேறுபாடு கிடக்கிறது. 'புலிக்குப் பிறந்தது பூனையாகுமா' என்பது பிறப்பைப் பேசுகிறது. 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்பதும் மாறாமையைத்தான் பேசுகிறது, ஆனால் காரணம் பழக்கம். மாறாது என்று நம்புபவர் எல்லோரும் பிறவி என்று நம்புபவர் அல்ல என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் இல்லை. ஆனால் பழமொழியையே கேள்வியாக வைக்காதீர்கள். கேட்டுப் பழகிய வாக்கியத்துக்குத் தலை தானாக ஆடும்.

நேரடிக் கேள்விகளோடு ஒரு தத்துக் குழந்தைக் கதையையும் வையுங்கள். இனத்தைப் பற்றிக் குழந்தைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று லாரன்ஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் ஆராய்ந்ததும், மேற்கு மங்கோலியாவில் தோர்கூத், கசாக் மக்களை வைத்து கில்-வைட் 2001-இல் வெளியிட்டதும் இந்த வகைக் கேள்விகளால்தான். அமைப்பு சிறியது: அ குழுவில் பிறந்த குழந்தை, பிறந்த அன்றே ஆ குழுக் குடும்பத்துக்குப் போகிறது, பிறந்த பெற்றோரைப் பார்த்ததே இல்லை. 20 வயதில் அவர் எப்படி இருப்பார்?

இதில் நான்கு விதமாகக் கேட்க வேண்டும். கண் நிறம் யாருடையது போல் இருக்கும், எந்த மொழி பேசுவார், கோபம், துணிச்சல் போன்ற குணங்களில் யாரை ஒத்திருப்பார், அவர் எந்தக் குழுவைச் சேர்ந்தவர். முதல் இரண்டும் சோதனைக் கேள்விகள். கண் நிறம் வளர்த்தவர்போல் என்றோ, மொழி பெற்றவர்போல் என்றோ சொன்னால் அவர் கதையைச் சரியாகப் படிக்கவில்லை. குணமும் உறுப்பினர் உரிமையும் தனித்தனி. 'குணம் வளர்த்தவர்போல்தான், ஆனால் ஆள் பிறந்த குழுதான்' என்று சொல்பவர்கள் உண்டு, அவர்களை இழந்துவிடக்கூடாது. பிறகு, கதையைத் திருப்பியும் கேளுங்கள்: ஆ குழுக் குழந்தை அ குழு வீட்டில். குழுப் பற்று வேலை செய்வது இந்த இரண்டு விடைகளுக்கும் இடையே உள்ள இடைவெளியில்தான். நம் பிள்ளை எங்கே வளர்ந்தாலும் நம் பிள்ளை, அவர்கள் பிள்ளை நம்மிடம் வளர்ந்தாலும் அவர்கள் பிள்ளை என்றால் சமச்சீரான சாரவாதம். முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு 'வளர்ப்பால் மாறிவிடும்' என்றால் அது வேறு நம்பிக்கை. மொத்தச் சராசரியில் இந்த வேறுபாடு காணாமல் போய்விடும்.

குணங்களில் நல்லதும் கெட்டதும் சம எண்ணிக்கையில் இருக்கட்டும். பெட்டிக்ரூ 1979-இலேயே காட்டிய சாய்வு இது: பிற குழுவினர் செய்த தவறுக்குப் பிறவிக் குணம் காரணம், அவர்கள் செய்த நல்லதற்கு அதிர்ஷ்டமோ சூழலோ காரணம். எல்லாமே நல்ல குணமாக வைத்துவிட்டால் நீங்கள் அளப்பது சாரவாதத்தை அல்ல, தற்பெருமையை.

வடதிசை:

ஒரு மாற்றுக் கருத்து. சாரவாதத்தைக் குழு அடையாளம் உருவாக்குகிறது என்ற தொனி இங்கே ஓடுகிறது. நான்கு வயதுக் குழந்தைகளிடமே இந்தச் சிந்தனை இருப்பதைச் சூசன் கெல்மன் போன்றோர் பல பத்தாண்டுகளாகக் காட்டிவருகிறார்கள். வாத்துகளோடு வளர்ந்தாலும் கோழிக்குஞ்சு கோழிதான் என்று குழந்தை சொல்வதற்கு எந்தக் குழுப் பற்றும் தேவையில்லை. மனித மூளை உலகத்தைப் பிரிக்கும் விதம் அது. அடையாளம் அதன்மேல் வந்து உட்காருகிறது, அவ்வளவே.

நிறைகோல்:

வடதிசை, பாதி சரி. சிந்திக்கும் கருவி முன்பே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கருவியை எந்தக் குழுவின்மேல் வைப்பது என்பதைக் குழந்தை சுற்றியிருப்பவர்களிடம் கற்றுக்கொள்கிறது. ரோட்ஸ், லெஸ்லி, ட்வோரெக் 2012-இல் 'ஜார்ப்பி' என்று ஒரு கற்பனைக் குழுவை உருவாக்கினார்கள். படப் புத்தகம், பக்கத்துக்கு ஒரு ஜார்ப்பி. நிறம், வயது, பால் எல்லாம் கலந்துகட்டி இருக்கும், பார்வைக்கு எந்த ஒற்றுமையும் கிடையாது. சிலருக்கு 'ஜார்ப்பிகள் பொறிவண்டுக்குப் பயப்படுவார்கள்' என்ற வகையிலும், சிலருக்கு 'இந்த ஜார்ப்பி பொறிவண்டுக்குப் பயப்படுகிறான்' என்ற வகையிலும் வாக்கியங்கள். முதல் வகையைக் கேட்டவர்கள், நான்கு வயதுக் குழந்தைகளும் சரி பெரியவர்களும் சரி, ஜார்ப்பிக் குணம் பிறப்போடு வருவது என்ற பக்கம் சாய்ந்தார்கள். அதோடு, ஜார்ப்பிகளுக்குச் சாரம் உண்டு என்று நம்பவைக்கப்பட்ட பெற்றோர், தங்கள் குழந்தையிடம் பேசும்போது அந்தப் பொதுமை வாக்கியங்களையே அதிகம் பயன்படுத்தினார்கள்.

இளவேனில், உங்களுக்கும் இதில் எச்சரிக்கை உண்டு. தமிழில் '-வார்கள்' என்ற முடிவு இந்தப் பொதுமையைச் சத்தமில்லாமல் கொண்டுவந்துவிடும். கேள்வித்தாளின் முன்னுரையில் 'இன்ன குழுவினர் இப்படிச் செய்வார்கள்' என்று நான்கு வாக்கியம் எழுதிவிட்டுப் பிறகு சாரவாதத்தை அளந்தால், நீங்களே ஊட்டியதை நீங்களே அளக்கிறீர்கள்.

பெரியவர்களிடமும் இது எவ்வளவு எளிதில் நடக்கிறது என்பதற்கு பிரென்டிஸ், மில்லர் 2006-இல் வெளியிட்ட சோதனை போதும். திரையில் புள்ளிகள், எண்ணிக்கையை மதிப்பிட வேண்டும். 'நீங்கள் இந்த வகை, உங்களோடு வந்தவர் வேறு வகை' என்று ஒரு பொய் முடிவு சொல்லப்படுகிறது. வந்தவர் எதிர்ப்பாலாக இருந்தால், அந்தப் புள்ளி மதிப்பிடும் வகையே தங்கள் பாலுக்கு உரிய குணம் என்று மக்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். எதிரே ஒரே ஓர் ஆள், ஒரே ஒரு வேறுபாடு. குழுக்கோடு முன்பே வரைந்திருந்ததால்தான் அந்த வேறுபாடு அதன்மேல் போய் ஒட்டியது.

கணக்குச்சுவடி:

எண்ணிக்கை பற்றி யாரும் தொடவில்லை, ஆகவே நான்.

குழுப் பற்றுக்கு லீச்சும் பிறரும் 2008-இல் உருவாக்கிய 14 கேள்வி அளவுகோலைப் பலர் எடுப்பார்கள். நல்ல அளவுகோல், ஆனால் உங்கள் ஆய்வுக்கு ஒரு பொறி. அதன் ஐந்து கூறுகளில் ஒன்று 'எங்கள் குழுவினர் ஒருவரையொருவர் ஒத்தவர்கள்' என்பது. அதுவேதான் ஒருமைத் தோற்றம்! அதை உள்ளே வைத்துக்கொண்டு பற்றுக்கும் சாரவாதத்துக்கும் தொடர்பு கண்டால், ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டுத் தொடர்பு கண்ட கதைதான். பிணைப்பு, நிறைவு, மையத்தன்மை (குழு தனக்கு எவ்வளவு முக்கியம் என்பது) ஆகிய மூன்று கூறுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒப்புமை பற்றிய கேள்விகளை விட்டுவிடுங்கள். இடம் போதாது என்றால் 'இன்ன குழுவோடு என்னை அடையாளப்படுத்திக்கொள்கிறேன்' என்ற ஒற்றைக் கேள்வியே போதும். போஸ்ட்மெஸ், ஹாஸ்லம், யான்ஸ் 2013-இல் அதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

பற்றை முதலில் கேட்டால் அடையாளம் மனத்தில் சூடாகிவிடும், பின்னால் வரும் சாரவாத விடைகள் நகரும். பாதிப் பேருக்குப் பற்று முதலில், பாதிப் பேருக்குக் கடைசியில் வையுங்கள். வரிசையை ஒரு மாறியாகவே பதிவு செய்யுங்கள்.

0.2 அளவுள்ள (1 என்றால் முழுத் தொடர்பு) ஒரு சாதாரணத் தொடர்பை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கவே ஏறக்குறைய 194 பேர் வேண்டும். இது ஒரே ஒரு தொடர்புக்கு. உங்கள் உண்மையான கேள்வி 'மேல்நிலைக் குழுவில் ஒரு மாதிரியும் கீழ்நிலைக் குழுவில் வேறு மாதிரியும் இருக்கிறதா' என்ற இடைவினை. அதற்கு இதைப் போலப் பல மடங்கு தேவைப்படும். ஒரு குழுவில் தொடர்பு புள்ளியியல் முக்கியத்துவம் பெற்றது, மற்றதில் பெறவில்லை, ஆகவே இரண்டும் வேறு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த வேறுபாட்டையே நேரடியாகச் சோதிக்க வேண்டும். ஒப்பிடும் முன், கூறுகளின் அமைப்பு இரு குழுவிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு குழு 'மாறாது', 'தனி வகை' இரண்டையும் ஒன்றாகப் புரிந்துகொண்டு, இன்னொன்று பிரித்துப் புரிந்துகொண்டிருந்தால் சராசரிகளை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

இளவேனில்:

எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தது, எல்லோருக்கும் நன்றி. மொத்த மதிப்பெண்ணைக் கைவிட்டாயிற்று, படர்க்கைக்கு மாறியாயிற்று, தத்துக் கதை இரு திசையிலும் சேர்ந்தாயிற்று. ஒன்று மட்டும் பாக்கி. பற்றுதான் நம்பிக்கையை அசைக்கிறது என்று சொல்ல வெறும் தொடர்பு போதாது. 'மரபணு ஆய்வு இப்படிச் சொல்கிறது' என்று ஒரு போலிச் செய்திக்கட்டுரை கொடுத்துப் பார்க்கலாமா?

நிறைகோல்:

அப்படிக் கொடுத்தால் நீங்கள் சாரவாதத்தை அசைக்கிறீர்கள், பற்றை அல்ல. வில்லியம்ஸ், எபர்ஹார்ட் 2008-இல் செய்தது அந்தத் திசை: நம்பிக்கையை மாற்றி, பிற குழுவோடு நெருங்கும் விருப்பம் மாறுகிறதா என்று பார்த்தார்கள். உங்களுடையது எதிர்த்திசை. அடையாளத்தை முன்னே கொண்டுவர, ஒரு பகுதியினரை 'உங்கள் குழுவினரோடு உங்களுக்குப் பொதுவாக உள்ள மூன்றை எழுதுங்கள்' என்றும், மற்றவர்களை 'உங்களுக்கு மட்டும் உரிய மூன்றை எழுதுங்கள்' என்றும் கேளுங்கள். அதற்கு மேலே சமூகப் படிநிலையில் குழுவின் இடத்தைப் பற்றி ஒரு வரி, நிலையாக இருக்கிறது அல்லது மாறிக்கொண்டிருக்கிறது என்று. ஆண், பெண் வேறுபாடு பற்றி மோர்டனும் பிறரும் 2009-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில் இந்த வரியைத்தான் மாற்றிப் பார்த்தார்கள். படிநிலை மாறுகிறது என்ற நிலையில்தான் ஆண்களிடம் சாரவாதமும் பால் முன்முடிவும் கைகோத்தன.

உயிரியல் தகவல் எல்லோரையும் ஒரே பக்கம் தள்ளும் என்றும் எண்ண வேண்டாம். வெண்டி ராத்தும் உடன் ஆய்வாளர்களும் 2020-இல் வெளியிட்ட சோதனையில், 802 வெள்ளை அமெரிக்கர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் மரபணு வம்சாவளிச் சோதனை செய்தார்கள். சராசரியாகப் பார்த்தால் இனச் சாரவாதம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மரபியல் அறிவு மிகுந்தவர்களிடம் குறைந்தது, குறைந்தவர்களிடம் கூடியது. உங்கள் தாளிலும் மரபியல் அறிவுக்கு ஐந்தாறு சரி/தவறு கேள்விகள் இருக்கட்டும்.

தும்பைப்பூ:

'பொதுவாக உள்ள மூன்றை எழுதுங்கள்' என்பதில் ஒரு திருத்தம், நிறைகோல். ஒற்றுமையை எழுதச் சொன்னாலே ஒருமைத் தோற்றம் ஏறிவிடும், பற்று ஏறியதா ஒற்றுமை ஏறியதா என்று பிரிக்க முடியாது. 'இந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்பது உங்களுக்கு முக்கியமாகப்பட்ட மூன்று தருணங்களை எழுதுங்கள்' என்று கேட்டால் பிற உறுப்பினர்களின் ஒப்புமை உள்ளே வராது. ஒப்பீட்டுப் பிரிவுக்கும் அதே அளவு எழுதும் வேலை: 'நீங்கள் தனி ஆளாக எடுத்த முடிவு முக்கியமாகப்பட்ட மூன்று தருணங்கள்.' எழுதி முடித்ததும் ஒற்றைப் பற்றுக் கேள்வியை வைத்து, அசைந்ததா என்று பாருங்கள். இந்தப் பகுதியில் மட்டும் வரிசையை மாற்ற வேண்டாம், கேள்வி அங்கேயே நிற்கட்டும். சாரவாதக் கேள்விகளை அதற்குப் பிறகு தொடங்குங்கள்.

கணக்குச்சுவடி:

அந்த எழுத்துகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பங்கேற்பாளர் எந்தப் பிரிவு என்று தெரியாத இருவரிடம் கொடுத்து, 'நாம்', 'நாங்கள்' எத்தனை முறை வருகின்றன, '-வார்கள்' வாக்கியங்கள் எத்தனை என்று தனித்தனியே எண்ணச் சொல்லுங்கள். இருவரின் எண்ணிக்கையும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை முதல் 30 தாள்களிலேயே பார்த்துவிடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் எண்ணும் விதியைத் திருத்திவிட்டு மறுபடி முதல் தாளிலிருந்து தொடங்க வேண்டும்.